எடுக்கக் கூடாத சீட்டு

என்னை அவள் 'எதிர்வீடு' என்றுதான் கூப்பிடுவாள். அக்கா, அத்தை, பெரியம்மா என்று எதைச் சொல்லிக் கொடுத்தும் ஒட்டவில்லை. இரண்டாம் மாடிக்கு ஏறி வந்தால் இடது பக்கம் அவளும் அவள் அப்பா அம்மாவும் இருக்கும் வீடு, வலது பக்கம் என் வீடு, நடுவில் நாலடி நடை. ஆகவே நான் எதிர்வீடு. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. என்னை வேறு மாதிரி கூப்பிட ஆள் இருந்தால் அல்லவா வருத்தப்படுவதற்கு.

நான் திரைச்சீலை தைப்பவள். ஆஸ்பத்திரி, ஓட்டல், பள்ளிக்கூடம் என்று எங்கிருந்தாவது துணி வந்துகொண்டே இருக்கும். என் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு நாற்காலியைத் துணிக்குள் தோண்டி எடுக்க வேண்டும். தனியாள். 'தனியா எப்படி இருக்கீங்க' என்று யாராவது கேட்டால், 'உங்களை மாதிரி நாலு பேர் தொல்லை இல்லாம நிம்மதியா' என்று பட்டென்று சொல்லிவிடுவேன். எனக்கு எதற்கும் பதில் நாக்கு நுனியில் இருக்கும். கட்டடத்தில் எனக்கு வாய் நீளம் என்று பெயர்.

அவள் எனக்கு நேர் எதிர். அவளிடம் ஒன்று கேட்டால் பதில் உடனே வராது. காதில் விழவில்லையோ என்று மறுபடி கேட்டால், அதுவரை உள்ளே சேர்த்து வைத்ததெல்லாம் கலைந்துபோய் அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாம் முறை கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னது அவளுடைய மூன்றாவது வயதில். இந்தக் கேள்வி விஷயத்தைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இன்னும் பத்து வருஷம் ஆனது. அதை எந்த டாக்டரும் சொல்லவில்லை.

பஸ் டிரைவரான அவள் அப்பாதான் ஒரு வழி பண்ணினார். கேள்வியை ஒரு சீட்டில் எழுதி பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிடுவது. ஒரு நேரத்தில் ஒரே சீட்டு. அவள் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்ப்பாள். பதில் தயாரானதும் அவளே எடுத்து, பின்பக்கம் எழுதி, மேஜைமேல் வைப்பாள். முட்டையா ரொட்டியா என்றால் அரை மணி நேரம். மழைக்கோட்டு நீலமா பச்சையா என்றால் ஒரு நாள். புதுச் செருப்புக்கு நாலு நாள். சீட்டை அவளைத் தவிர யாரும் எடுக்கக் கூடாது, அது அந்த வீட்டுச் சட்டம். ஒருமுறை அவள் அப்பா, கேட்ட கேள்வி இனித் தேவையில்லை என்று தானே சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டாராம். அவள் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து, இரண்டு துண்டையும் தேடி எடுத்து ஒட்டி, மறுபடி கதவில் வைத்து, மறுநாள் பதிலும் எழுதிக் கொடுத்தாளாம். அன்றிலிருந்து அவர் மகளை 'மேனேஜர்' என்றுதான் கூப்பிடுகிறார்.

இருபத்தோரு வயது வரை அவள் ஒரு பயிற்சி மையத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலை எட்டு மணிக்கு வேன் வரும். வயது முடிந்ததும் ஒரு கேக்கும் ஒரு சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் வேன் வரவில்லை. அவள் மட்டும் பத்து நாள் எட்டு மணிக்குக் கீழே போய் நின்றாள். பதினோராம் நாள் அவள் அம்மா கையைப் பிடித்து அழைத்துவந்து என் வீட்டுக்குள் விட்டாள்.

"அக்கா, ரெண்டரை மணிக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் மட்டும்."

"இதுக்கு ஏம்மா இவ்ளோ இழுக்கற? என்னை என்ன அவளைத் தூக்கிட்டா நடக்கச் சொல்ற? விட்டுட்டுப் போ."

அப்படி ஆரம்பித்து மூன்று மாதம். திரைச்சீலையின் அடிமடிப்பில் சிறு சிறு ஈயத் துண்டுகளை வைத்துத் தைப்போம், துணி காற்றில் பறக்காமல் நேராகத் தொங்குவதற்காக. அந்தத் துண்டுகளை அவளிடம் கொடுத்துவிடுவேன். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்துவிட்டுத்தான் மடிப்பில் இடுவாள். எனக்கு நாற்பது வருஷத்தில் வராத நேர்த்தி. வழவழப்பான துணியைக் கத்தரிக்கும் சத்தம் மட்டும் ஆகாது. 'எதிர்வீடு, கத்தரி வேண்டாம்' என்பாள். நான் கத்தரிக்கிற வேலையையெல்லாம் மாலைக்குத் தள்ளிவைத்தேன். என் தையல் இயந்திரத்தின் சத்தத்தைத் தவிர வேறு ஒரு மூச்சுச் சத்தம் அந்த அறையில் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

மழை விடாமல் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மாற்றுத்திறனாளிகள் உதவித் துறையிலிருந்து ஓர் அதிகாரி அவர்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தடிமனான கோப்பு. சின்ன வயசுதான். நான் சர்க்கரை கேட்கிற சாக்கில் போய் அடுப்படி வாசலில் நின்றுகொண்டேன்.

"நாலு பொண்ணுங்க தங்கற வீடும்மா அது. ஒரு இடம் காலியாகியிருக்கு. கூட எப்பவும் ஒரு அம்மா இருப்பாங்க. பக்கத்துலயே நாற்றுப் பண்ணை, காலையில நாலு மணி நேரம் வேலை. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரலாம்" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "போன வாரம் அப்பாவோட வந்து பாத்தீங்க இல்ல? அங்க வந்து இருக்க உங்களுக்கு இஷ்டமா?" என்று கேட்டார்.

"அவளுக்குப் புது இடம் ஒத்துக்காது சார்" என்றாள் அம்மா. "தண்ணி மாறினாலே மூணு நாள் சாப்பிட மாட்டா."

"அவங்களே சொல்லட்டும்மா."

"அவ சொல்ல மாட்டா சார். நான்தான் சொல்லணும். இருபத்தோரு வருஷமா நான்தான் சொல்றேன்."

அதிகாரி காத்திருந்தார். அவள் அவருடைய குடையிலிருந்து தரையில் சொட்டிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ ஆறிப்போனது. கடைசியில் அவள் அப்பாதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பிரிட்ஜ் கதவைப் பற்றிச் சொன்னார்.

அதிகாரி சிரித்துவிட்டார். "எவ்வளவோ ஆபீஸ்ல காத்திருந்திருக்கேன் சார். பிரிட்ஜுக்காகக் காத்திருக்கப் போறது இப்பதான். அடுத்த புதன்கிழமை வரைக்கும் இடத்தைப் பிடிச்சு வைக்கறேன். அதுக்கு மேல முடியாது, இன்னொரு குடும்பம் கேட்டுட்டு இருக்கு."

அவர் போனதும் டிரைவர், பஸ் போர்டு எழுதுகிற மாதிரிப் பெரிய எழுத்தில் எழுதினார். 'அந்த வீட்டில் போய் இருக்க உனக்கு இஷ்டமா?' மகள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, அவர் காந்தத்தை வைத்த பிறகு சீட்டை ஒரு நூல் அளவு நேராக்கினாள்.

அன்று சாயங்காலம் படிக்கட்டில் டிரைவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்ப்பா, பொண்ணு இங்க நல்லாத்தானே இருக்கா? எங்கிட்ட ஒரு தொந்தரவும் இல்ல. எதுக்கு இப்ப இந்த அவசரம்?"

"உங்களுக்கு என்ன வயசுக்கா?"

"அது எதுக்கு உனக்கு?"

"எனக்கு ஐம்பத்தாறு. போன மாசம் பஸ்ஸை ஓரமா நிறுத்திட்டுப் பத்து நிமிஷம் உக்காந்துட்டேன். நெஞ்சு அடைச்சுது. டாக்டர் ஒண்ணும் இல்லைன்னுட்டார், வாயுன்னார். இருக்கட்டும். ஆனா அந்தப் பத்து நிமிஷம் நான் என்னை நினைக்கலக்கா. பின்னாடி உக்காந்திருந்த ஐம்பது பேரையும் நினைக்கல. நாங்க ரெண்டு பேரும் இல்லாம, இவ ஒரு நாள் காலையில எழுந்தா, யாருகிட்ட போய் நிப்பான்னு நினைச்சேன். எங்க காலத்துலயே அவ ஒரு இடத்துல பழகிடணும். பழக எவ்ளோ நாள் ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

"அங்க போனப்ப என்ன பண்ணா?"

"வாயத் திறக்கல. நாத்து வளர்க்கற தட்டு, குழி குழியா இருக்கும் பாருங்க, அதுல மண்ணு ரொப்பிட்டு இருந்தாங்க. இவளும் போய் நின்னா. எல்லாக் குழிக்கும் ஒரே அளவு மண்ணு. முப்பது தட்டு போட்டுட்டா. கிளம்பலாம்னா கிளம்பல" என்றார். அந்த வாரம் முழுக்க அவருக்கு இரட்டை வேலை. வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் வந்தார்.

மறுநாள் புதன்கிழமை காலையிலேயே ஏதோ சரியில்லை. அவள் என் மேஜையில் உட்கார்ந்தாள், ஐந்து துண்டு வைத்தாள், எழுந்தாள், நடையைக் கடந்து அவர்கள் வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள், திரும்பி வந்தாள். மதியத்துக்குள் பதினோரு முறை. பின்னால் போய்ப் பார்த்தேன். பிரிட்ஜுக்கு முன்னால் நின்று, வெறும் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாள். சீட்டு இல்லை. அவளே எடுத்துக்கொண்டு யோசிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவள் அப்பாவும் அப்படித்தான் நினைத்தாராம்.

வியாழக்கிழமை அவர்கள் அடுப்படியில் குப்பைத் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. வெள்ளிக்கிழமையும். கூட்டி அள்ளினேன். சனிக்கிழமை அவள் சாப்பிடவில்லை. ரொட்டியும் முட்டையும் ஒன்றை ஒன்று தொடாமல்தான் வைத்திருந்தேன், இருந்தும் தட்டைத் தள்ளிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் எழவேயில்லையாம்.

"பாத்தீங்களாக்கா?" என்றாள் அவள் அம்மா திங்கட்கிழமை விடிகாலையில் மகளை விட வந்தபோது. "அந்த வீட்டுப் பேச்சை எடுத்ததிலேருந்து பொண்ணு எப்படி ஆயிட்டா பாருங்க. அவருக்குத்தான் புரிய மாட்டேங்குது. இவ வேண்டாம்னு சொல்றா. இதைவிட எப்படிச் சொல்லுவா?"

"ஆமாம்மா. அதுதான்" என்றேன் நான்.

கிழிந்த சீட்டுக்காகக் குப்பையைக் கவிழ்த்த கதை எனக்குத் தெரியும். நானே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். கூட்டி அள்ளும்போது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. வந்ததை ஓரமாகத் தள்ளினேன். அவள் போகாவிட்டால் எனக்கும் நல்லதுதானே.

அவள் அம்மாவின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரிலுள்ள ஓட்டல்களின் விரிப்புகளெல்லாம் அவள் வேலை செய்யும் சலவைக் கூடத்துக்குத்தான் போகும். சூடான பெரிய உருளைகளுக்கு நடுவில் புகுந்து வெளியே வரும் விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து மடிக்க வேண்டும். ஒன்றை மடித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். எதிரே நிற்பவளோடு பேச முடியாது, உருளைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. எட்டு மணி நேரம் அவளும் இவளும் முனைகளைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருப்பார்கள். ஒன்பது வருஷமாக எதிரே நிற்பவளுக்கு எத்தனை குழந்தைகள் என்று இவளுக்குத் தெரியாது. விரல் நுனிகள் சூடு பட்டுப் பட்டு மரத்துவிட்டன, அதனால் மகளின் நெற்றியில் காய்ச்சலைப் புறங்கையால்தான் பார்ப்பாள். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போவதை எப்போதோ நிறுத்தியாகிவிட்டது. அவளுக்குத் தோழி என்று சொல்ல நான்தான், என்னோடும் அவள் பேசியதெல்லாம் மகளைப் பற்றித்தான்.

அந்தத் திங்கட்கிழமை காலை மகளோடு தன் வேலைக் கோட்டையும் கொடுத்துவிட்டுப் போனாள். அதன் பை கிழிந்திருந்தது, மாற்றுக் கோட்டு போட்டுக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு நான் அதை எடுத்து உள்பக்கம் திருப்பினேன். கிழிசல் வழியாக ஏதோ அடிமடிப்புக்குள் இறங்கியிருந்தது. கையில் தட்டியது. தையலைப் பிரித்தேன். வட்டமான காந்தம். அதோடு நாலாக மடித்த சீட்டு. பஸ் போர்டு எழுத்து.

மகள் அப்போது பிரிட்ஜைப் பார்க்கப் போயிருந்தாள். நான் சீட்டை மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு, அவள் திரும்பி வந்தபோது ஊசியில் நூல் கோக்கிற மாதிரி நடித்தேன். எனக்குக் கோபம் வந்தது, அவள் அம்மா மேலா என் மேலா என்று தெரியாத கோபம்.

இரண்டரைக்கு அவள் அம்மா நனைந்துகொண்டு வந்தாள். மகள் தன் வீட்டுக்குள் போய்ப் படுத்ததும் நான் நடைக் கதவைச் சாத்திவிட்டுச் சீட்டை அம்மாவின் முன்னால் வைத்தேன்.

அவள் முகம் மாறவேயில்லை. "பையிலதான் இருந்துதா? நான் எங்கயோ தொலைச்சுட்டேன்னு நினைச்சேன்."

"ஏன்டி இப்படிப் பண்ண? அவ அஞ்சு நாளா அந்தக் கதவுல கையை வச்சிட்டு நிக்கறா. குப்பையெல்லாம் கிளறித் தேடியிருக்கா. இதுக்குப் பேரு என்ன தெரியுமா?"

"தெரியும்."

"அவ பயந்துடுவான்னு எடுத்தியா?"

"இல்ல."

"வேற?"

அவள் ஈரத் தலையைத் துவட்டக்கூட இல்லை. துணிக்குள் நாற்காலியைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அவ சரின்னு எழுதிட்டா நான் என்னக்கா பண்றது?"

நான் ஒரு துவாலையை எடுத்து அவள் தோளில் போட்டேன்.

"அவர் சொல்றாரு, நமக்கு அப்புறம் யாரு, நமக்கு அப்புறம் யாருன்னு. எனக்கு அந்தப் பயம் இருக்குதான். அதோட இன்னொரு பயமும் இருக்கு, அதை யாருகிட்ட சொல்றது? அவளுக்கு எல்லாம் நான்தான்னு இருந்துட்டேன். என்ன சாப்பிடுவா, எந்தத் துணி உறுத்தும், எந்தச் சத்தம் ஆகாது, எல்லாம் எனக்குத்தான் தெரியும். டாக்டர் கேட்டாலும் நான்தான் சொல்றேன். டீச்சர் கேட்டாலும் நான்தான். இத்தனை வருஷத்துல அவ ஒரு நாளாவது அம்மா வேணும்னு சொல்லியிருக்காளா? சொன்னதில்லக்கா. நான் இல்லாம அவளால முடியாதுன்னு நான்தான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். அவ போய் நல்லா இருந்துட்டான்னு வைங்க. அப்ப இவ்ளோ நாளும் நான் என்ன?"

"நீ அவளுக்கு அம்மாடி."

"அது சும்மா ஒரு வார்த்தைக்கா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். "எனக்கும் தெரிஞ்சுதுடி. தொட்டி கவிழ்ந்து கிடந்தப்பவே. நானும் வாயை மூடிட்டு இருந்தேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சீட்டின் மடிப்பை மரத்த விரலால் நீவிவிட்டு எழுந்தாள். நானும் பின்னால் போனேன்.

பிரிட்ஜ் கதவில் காந்தம் வைக்கும் சத்தம் 'டக்'கென்று கேட்டதும் உள்ளே படுத்திருந்தவள் எழுந்து வந்துவிட்டாள்.

"நான்தான் எடுத்தேன்" என்றாள் அம்மா.

மகள் சீட்டைப் பார்த்தாள்.

"அம்மா எடுத்தது தப்பு."

மகள் அந்தச் சீட்டை அப்போதே எடுத்தாள். நாலு நாளெல்லாம் ஆகவில்லை. பதில் எப்போதோ தயாராகி அவளிடம் இருந்திருக்கிறது, வைக்க இடமில்லாமல் தவித்திருக்கிறாள். மேஜையில் வைத்து, பின்பக்கம் எழுதி, அம்மாவின் கையில் கொடுத்தாள். 'சரி. என் தலையணையும் வரும்.' பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வந்து, காலையில் தின்னாமல் விட்ட ரொட்டியைக் கேட்டுச் சாப்பிட்டாள். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான், "எடுக்கக் கூடாது" என்றாள் மகள்.

"ஆமாடி. இனிமே எடுக்க மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை அதிகாரிக்குச் சொல்லியாகிவிட்டது. அவள் அம்மா பதினாறு பக்கம் எழுதினாள், எந்தச் சோப்பு, எந்தப் போர்வை, மழை வந்தால் என்ன, கரண்டு போனால் என்ன என்று. அடுத்த சனிக்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் அவளுக்காகத் தைத்த ஒரு சின்னத் திரைச்சீலையைக் கொடுக்கப் போனேன். அப்போது பிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு இருந்தது. டிரைவர் எழுத்து இல்லை. குட்டி எழுத்து, ஒவ்வொன்றும் ஒரே உயரம்.

'நான் போன பிறகு அம்மா என்ன செய்வாள்?'

அவள் யாரையும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. டிரைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அவள் அம்மா உடனே சிரித்துக்கொண்டு, "அம்மாவுக்கு என்னடி, ஆயிரம் வேலை இருக்கு. துணி மடிக்கணும், சமைக்கணும், எதிர்வீட்டோட அரட்டை அடிக்கணும்" என்று சொல்லியபடியே சீட்டை எடுக்கக் கை நீட்டினாள்.

மகள் சீட்டின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"உடனே வேண்டாம்" என்றாள்.

அவள் போய் ஏழு வாரம் ஆகிறது. அங்கே முதல் வாரம் யாரோடும் பேசவில்லையாம், இரண்டாம் வாரம் ஒரு நாள் முழுக்கக் கட்டிலுக்கு அடியில் இருந்தாளாம், மூன்றாம் வாரத்திலிருந்து பண்ணைக்குப் போகிறாளாம். இங்கே இரண்டரை மணிக்கு அவள் அம்மா வந்தால் தன் வீட்டுக்குள் போவதில்லை. என் வீட்டுக்கு வந்து துணிக்கு நடுவே உட்கார்ந்துகொள்கிறாள். ஒரு நாள் ஈயத் துண்டுகளைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "நீங்க இத்தனை வருஷமா சாயங்காலத்துல என்னதான்க்கா பண்ணுவீங்க?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. கற்றுக்கொள்ளக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். என் நீள வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. இயந்திரத்தை மிதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டிரைவர் போய் மகளைக் கூட்டிவருகிறார். அவள் செருப்பைக் கழற்றி, நேராக வைத்து, முதல் வேலையாகப் பிரிட்ஜைப் போய்ப் பார்க்கிறாள். சீட்டு அங்கேயே இருக்கும். அவள் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். போன ஞாயிறும் அப்படித்தான்.

"இன்னும் வரலடி" என்றாள் அம்மா. "எவ்ளோ நாள்தான் அம்மாவுக்கு டைம் குடுப்ப?"

மகள் பால் எடுத்துக் குடித்தாள். குளித்தாள். அம்மா எடுத்து வைக்காமலேயே, கேட்காமலேயே, தட்டில் தனக்கு வேண்டியதைப் போட்டுச் சாப்பிட்டாள். என் வீட்டுக்கு வந்து இருபது துண்டு ஈயம் வைத்துக் கொடுத்தாள். ஐந்து மணிக்கு அப்பாவோடு கிளம்பினாள். நானும் அவள் அம்மாவும் நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் மாடி திருப்பத்துக்குப் போனவள் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"எவ்ளோ நாள் வேணும்னாலும்" என்றாள்.

காலையில் கேட்டதற்கான பதில் அது என்று அவள் அம்மாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அதற்குள் கீழே வாசல் கதவு சாத்திக்கொண்டது. எங்கள் இரண்டு வீட்டுக் கதவுகளும் திறந்துதான் கிடந்தன. இரண்டு பேருமே உள்ளே போகவில்லை.